அம்மா நம்பர்

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது, அந்த வீட்டுப் பெரியவன் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நின்றான். இந்த வாரம் அது இறங்கப் போகிற வாரம். பாவம், அவனுக்கு அது தெரியாது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. அம்மா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி, கீழே காத்திருக்கும் லாரியில் சத்தம் வராமல் இறக்குவாள். உச்சாணியில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் ஆட்டிவைப்பதால் துறைமுகத்தில் அவளுக்கு 'மேலிடம்' என்று பெயர். அப்பா பேக்கரி மாஸ்டர். ஊருக்கெல்லாம் கேக், தனக்கு மட்டும் இன்சுலின். பெரியவனுக்கு செல்போன் கடையில் வேலை. சின்னவள் கணக்கு டீச்சர்.

சில மாதங்களுக்கு முன் அம்மாவுக்குத் தலை சுற்றியது. காதுக்குள் கோளாறு என்று கண்டுபிடித்து, குணமாக்கியும் ஆயிற்று. ஆனாலும் துறைமுக டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அவள் மறுபடி கிரேன் ஏணியில் கால் வைக்க முடியும். அதுவும் இன்று சாயங்காலத்துக்குள். புதிதாக வந்து நிற்கிற பெரிய கிரேனுக்கு ஆள் போடுகிற வேலை, ஷிஃப்ட் மாறும்போது முடிந்துவிடும். அந்த கிரேனை அவள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்த கதையைத்தான் இத்தனை வாரமாகப் படித்து வருகிறீர்கள்.

பழைய ரிப்போர்ட்களை முன்கூட்டியே அனுப்பி வைக்கச் சொல்லியிருந்தார்கள். "இதெல்லாம் என் டிபார்ட்மென்ட்" என்று பெரியவன் அம்மாவின் போனை வாங்கி, பச்சை இலைப் படம் போட்ட ஒரு செயலியை இறக்கினான். "அம்மா, இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லு" என்றான். வந்தது, சொன்னாள். அது எதையெதையோ கேட்டது. அவன் எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' என்று அமுக்கினான். மாலைக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. காலர் தூக்கியது அப்போதுதான்.

ஆக, இன்று காலை.

அம்மா கண்ணாடி முன் நின்று நீலச் சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அதை இரண்டு தடவை தேய்த்து வைத்திருந்தார்.

"நடுப் பட்டன் மூச்சு முட்டுது பாரு," என்றார் அப்பா.

"வீட்ல உக்கார வச்சு தினம் ஒரு பன் குடுத்தது யாரு?"

"டாக்டர் எடை பாப்பாரான்னு கேட்டேன், அவ்வளவுதான்."

"நீ எதையும் தூக்கிட்டுப் போக வேண்டாம்மா," என்றான் பெரியவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரு கம்ப்யூட்டரைத் திறந்தா உன் சரித்திரமே இருக்கும். போய் உக்காந்தா போதும்."

சின்னவள் ஹெல்மெட்டைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "வாக்கி-டாக்கில கத்துற மாதிரி டாக்டர்கிட்ட கத்தாத."

"நான் எப்படி கத்துறேன்?"

"பக்கத்து வீட்டுல பதில் சொல்வாங்க, அப்படி."

மேஜைமேல் இருந்த சின்னவளின் போன் அடித்தது. தெரியாத எண். அவள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்தாள். அம்மா அதைக் கவனித்தாள், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டாள்.

சின்னவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்தது, இனி நமக்கும். போன வருடக் கடைசியில் அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்குக் காரணம் தலைவலி என்றுதான் வீட்டில் பேச்சு. தலைவலி இல்லை. காலையில் எழுந்திருக்க முடியவில்லை, சாப்பிட முடியவில்லை, போன் அடித்தால் கை நடுங்கியது. அம்மாதான் ஒரு நாள் லீவு போட்டு, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மனச்சோர்வு என்றார்கள். மாத்திரையும் வாராவாரம் பேச்சு வைத்தியமும் நடந்தன. பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து உட்கார்ந்தாள். வருகிற திங்கட்கிழமை வேறொரு பள்ளியில் சேரப் போகிறாள். தெரியாத போனை எடுக்கிற தைரியம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும்போது போன் நம்பர் கேட்டார்கள். அம்மா தன் நம்பரைக் கொடுத்தாள். அந்த வீட்டில் எங்கே கேட்டாலும் அதுதானே கொடுப்பார்கள்.

துறைமுக டாக்டர் நல்ல மனிதர். மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கிறவர். பிரஷர் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார். அம்மா நூல் பிடித்தாற்போல் நடந்தாள்.

"பிரமாதம்," என்றவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். திரையில் இருந்ததை இரண்டு தடவை படித்தார்.

"என்ன சார்?"

"இல்லம்மா, உங்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கம்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கிற ஒரு சுரப்பி."

அம்மாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்த பிறகு சிரிப்பை நிறுத்துவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"அது என் வீட்டுக்காரர் சார்."

"இன்சுலின் போட்டுக்கிறதும் அவர்தானா?"

"அவரேதான்."

"நல்ல வேளை. உங்களுக்குன்னா, மேல ஏத்துறதுக்கு நான் ரொம்ப யோசிக்கணும். அது சரி, அவரோடது எப்படி உங்க பேர்ல வந்துச்சு?"

"எங்க வீட்ல நம்பர்னா என் நம்பர்தான் சார். அவரு போனை மாவுக்குள்ள போட்டுட்டுத் தேடுவாரு. பசங்க வருஷத்துக்கு ஒரு நம்பர் மாத்துவாங்க. மாறாதது நான் ஒருத்திதான்."

அதைச் சொல்லும்போது அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. செயலி என்ன செய்திருக்கிறது என்றால், ஒரே நம்பரில் கிடந்த நாலு பேரையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரே ஆளாக உருட்டி அனுப்பிவிட்டது.

டாக்டர் திரையில் இன்னும் கொஞ்சம் கீழே போனார். "இதுவும் அவரோடதுதானே? மனச்சோர்வுக்கு மாத்திரை."

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். ப்ராஸ்டேட்டைச் சுமந்த மனுஷன் இதையும் சுமந்துகொண்டு போவார், அவருக்குத் தெரியவும் தெரியாது. டாக்டர் கையெழுத்துப் போடுவார். ஜன்னலுக்கு வெளியே அந்தப் புது கிரேன் வர்ணம் மங்காமல் நின்றுகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அது அவரோடது இல்ல சார். என்னோடதும் இல்ல."

"அப்ப யாரோடது?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

குரல் வாக்கி-டாக்கி அளவுக்கு உயர்ந்துவிட்டது. வெளியே வராந்தாவில் காத்திருந்த ஆள் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

டாக்டர் கோபப்படவில்லை. "யாரோடதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம்மா. அந்த மாத்திரை சாப்பிடுறது ஒரு குத்தமும் இல்ல, சாப்பிட்டுட்டு வேலை பாக்குறவங்களும் இங்க இருக்காங்க. ஆனா இந்தக் கதம்பத்தை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு யாராவது எடுத்துப் பாத்தா, நீங்க மறைச்சதாவும் நான் விட்டுட்டதாவும் ஆயிடும்."

"என்ன செய்யணும், சொல்லுங்க."

"உங்க ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா, உங்களோடது மட்டும் வரணும். காது, கண்ணு, அவ்வளவு போதும். நான் ஷிஃப்ட் மாறுற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"இதை அழிச்சிடுவீங்களா?"

"தப்பா வந்ததுன்னு குறிச்சு மூடிடறேன். நான் வேற யாருக்கும் காட்ட மாட்டேன். ஆனா இதை அனுப்பின ஆப்புக்காரன் கையில ஒரு நகல் இருக்குமே, அதைப் பாருங்க."

வாசலுக்கு வந்ததும் பெரியவனைக் கூப்பிடத்தான் கை போனது. இழுத்துக்கொண்டாள். இது அவனுக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் வேறொருத்தி.

"ஆஸ்பத்திரிக்கு வா," என்றாள் சின்னவளிடம் போனில். "உன் ஆஸ்பத்திரி கார்டை எடுத்துக்கோ. யாருகிட்டயும் சொல்லாத."

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கு எதிரே, ரெக்கார்டு பிரிவு இருந்தது. சுவரோடு சேர்த்துப் போட்ட இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார வைத்து, அம்மா நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. நேராகச் சொன்னாள்.

சின்னவள் கையில் இருந்த கார்டை வெறித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவன் எதையும் படிக்கல. சோறு கண்ட இடம் சொர்க்கம்ங்கிற மாதிரி, பட்டன் கண்ட இடத்துலல்லாம் அமுக்கியிருக்கான்."

"நீ டாக்டர்கிட்ட என்ன சொன்ன?"

"சொல்ல மாட்டேன்னு சொன்னேன்."

"அப்பாவோடதுன்னு சொல்லியிருக்கலாம்ல. கையெழுத்து போட்டிருப்பாரு."

"போட்டிருப்பாரு."

"அப்புறம் ஏம்மா?"

அம்மாவுக்கு இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. "நீ அதுலேர்ந்து எழுந்து வந்தது சாதாரண விஷயமா? நான் பாத்தேன்ல. அதைக் கொண்டுபோய் ஒரு பொய்க்கு அடியில வைக்க எனக்கு மனசு வரல. சொல்றதுன்னா நீ சொல்லு, நிமிந்து சொல்லு. சொல்லலன்னா யாருக்கும் தெரிய வேண்டாம். நான் யாரு அதுல?"

சின்னவள் எழுந்து, அம்மாவுக்கு முன்னால் கவுன்ட்டருக்குப் போனாள்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்பரைத் தட்டினாள். "இந்த ஒரு நம்பர்ல நாலு பேர் குடியிருக்கீங்க."

"தப்புதான்," என்றாள் அம்மா.

"எல்லா வீட்லயும் இதே கதைதான். போன வாரம் ஒரு பெரியவருக்குப் பிரசவ தேதி வந்து நின்னுது. மருமகளோடது. அவரு ஒரு நாள் பூரா படுக்கையை விட்டு எழுந்திருக்கல."

சின்னவள் சிரித்துவிட்டாள். அம்மாவும் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"பிரிச்சுடலாமா? அவங்கவங்க கார்டு வேணும், அவங்கவங்க நம்பர் வேணும்."

சின்னவள் தன் கார்டை நீட்டினாள். தன் நம்பரைச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாக, வகுப்பில் கரும்பலகை முன் நின்று சொல்கிற குரலில் சொன்னாள். அம்மாவுக்கு மனதுக்குள் ஏதோ ஒன்று இழுத்தது. பிள்ளை தனிக்குடித்தனம் போகிறாளே என்கிற மாதிரி. அந்த இழுப்பு அடங்கியதும் மிஞ்சியது பெருமைதான்.

"இப்ப உங்களோடது," என்று அந்த அம்மாள் அம்மாவின் போனில் ஆஸ்பத்திரியின் சொந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். பழைய ரிப்போர்ட்கள் எல்லாம் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம்.

"குடு, நான் செய்யறேன்," என்று சின்னவள் கை நீட்டினாள்.

"வேண்டாம். எதை அமுக்கணும்னு சொல்லு, போதும். போன தடவை அடுத்தவன் கையில குடுத்துத்தான் இந்தக் கூத்து."

அம்மாவின் விரல் திரைக்கு மேல் நின்று, நிதானித்து இறங்கியது. காது டாக்டரின் முடிவு. நடை, நிலை பரிசோதனை. கண். மற்றதெல்லாம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டாள். யாருக்கு என்று கேட்டது, துறைமுக டாக்டர். எதுவரைக்கும் என்று கேட்டது.

"எதுவரைக்கும்னா?"

"அவரு எப்ப வரைக்கும் பாக்கலாம்னு. அதையும் நீங்கதான் சொல்லணும்."

"இன்னைக்கு மட்டும் பாத்தா போதும்." அமுக்கினாள். கன்டெய்னரை லாரியில் வைத்துவிட்டுக் கொக்கியை விடுவிக்கும்போது வருகிற அதே நிம்மதி வந்தது.

சின்னவள் இப்போது போனை வாங்கி, அந்தப் பச்சை இலைச் செயலியைத் திறந்து உள்ளே போனாள். அண்ணன் படிக்காமல் தாண்டிப் போன பக்கங்களை அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். "சீட்டுல இருக்கிற பேர், நம்பர் எல்லாத்தையும் கூட்டாளி நிறுவனங்களோட பகிர்ந்துக்குவாங்களாம்," என்றாள். "எந்த நிறுவனம்னு போடல. இதை இப்பவே வெட்டிடறேன்."

"வெட்டுங்க," என்றாள் கவுன்ட்டர் அம்மாள். "ஆனா ஒண்ணு. கதவைச் சாத்தினா இனிமே உள்ள வர மாட்டான். ஏற்கனவே தூக்கிட்டுப் போனது அவன் வீட்லதான் இருக்கும். இங்க இருக்கிற வரைக்கும் நாங்க காவல். நீங்களா எடுத்து வேற ஆப்புக்குக் குடுத்துட்டா, அப்புறம் அவன் வச்சதுதான் சட்டம். அழிக்கச் சொல்லித் தனியா எழுதிக் கேக்கணும்."

"எழுதறேன்," என்றாள் சின்னவள். அந்த இரும்பு நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதினாள். முகத்தில் கோபம் இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் கோபத்தைப் பார்க்கிறாள் அம்மா. அவளுக்கு அது அவ்வளவு அழகாகத் தெரிந்தது.

டாக்டர் மூன்று ரிப்போர்ட்டையும் படித்தார். "இதுல ப்ராஸ்டேட் இல்லையே," என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புது கிரேனை ஓட்டிக் காட்டச் சொன்னார் யார்டு சூப்பர்வைசர். அம்மா ஏணியில் கால் வைத்ததும் கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "மேலிடம் ஏறுது," என்று யாரோ வாக்கி-டாக்கியில் சொன்னது எல்லோர் இடுப்பிலும் கேட்டது.

கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் லீவரைப் பிடித்தாள். தரை காலுக்கடியில் எங்கோ இருந்தது. தலை சுற்றவில்லை. இரும்புச் சட்டம் இறங்கிக் கன்டெய்னரின் நாலு மூலையையும் கவ்வியது. தூக்கினாள். ஆட்டமில்லாமல் நகர்த்தினாள். லாரி டிரைவர், கன்டெய்னர் தன் வண்டியில் இறங்கிவிட்டது என்று தெரியாமல் மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் வேலிக்கு வெளியே மூன்று பேர் நிற்பதைக் கண்டாள். வெள்ளையாக நிற்பது அப்பா. மாவு உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கிறார். பக்கத்தில் பெரியவனும் சின்னவளும். சின்னவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னாள். பெரியவனின் தலை மெதுவாகக் குனிந்தது. அப்பா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு பெரியவன் கையை உயர்த்தித் தங்கையின் தலையில் வைத்தான். அப்பா இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டார். நிச்சயம் சின்னவள் மேலெல்லாம் மாவாகியிருக்கும்.

அந்த உயரத்தில் ஒரு வார்த்தையும் கேட்காது. என்ன பேச்சு என்று அம்மாவுக்குத் தெரியும். என் பிள்ளை தன் வாயாலேயே சொல்லிவிட்டாள் என்று நினைத்தபோது கண் கலங்கியது. லீவரை விடாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

இறங்கி, புது கிரேன் பட்டியலில் தன் பெயர் ஏறியதைப் பார்த்துவிட்டு வேலிக்கு வெளியே வந்ததும் பெரியவன் எதிரே வந்து நின்றான். காலர் இருந்த இடம் தெரியவில்லை.

"படிக்காம அமுக்கிட்டேன்மா."

"தெரியும்."

"இவகிட்ட மன்னிப்பு கேட்டேன். நாளைக்குப் போய் எல்லாருக்கும் தனி நம்பர் போட்டுடறேன்."

"நீ உன்னோடதை மட்டும் போடு," என்றாள் சின்னவள். "அப்பாவோடதை அப்பா போடுவாரு."

"நானா?" என்றார் அப்பா.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவில் அவள் சட்டைப் பையில் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தாள்.

எதிர்முனையில் தேன் தடவிய குரல் ஒன்று சின்னவளின் முழுப் பெயரைச் சொன்னது. மேடம் இருக்கிறார்களா என்று கேட்டது. நல்ல தூக்கத்துக்கும் மன நிம்மதிக்கும் ஒரு சிறப்புச் சலுகை இருப்பதாகச் சொன்னது.

அம்மா சின்னவளைப் பார்த்தாள். பெரியவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, போனைப் பிடுங்கிக் கத்தத் தயாரானான். அப்பா "கட் பண்ணு, கட் பண்ணு" என்று கையைக் காட்டினார்.

சின்னவள் கையை நீட்டினாள்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். நடுக்கம் லேசாக இருக்கத்தான் செய்தது. ஆனால் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. போனை அதில் வைத்தாள்.

"நான்தான் பேசறேன்," என்றாள் சின்னவள். "இந்தப் பேரு உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

அந்தப் பக்கம் தேன் கொஞ்சம் வற்றியது. ஏதோ முனகல். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள் போலிருக்கிறது.

"கேளுங்க. நான் லைன்லதான் இருக்கேன்."

நாலு பேரும் வேலியோரம் நின்றார்கள். யார்டில் ஷிஃப்ட் மாறுகிற சங்கு ஊதி ஓய்ந்தது. காலையில் தெரியாத எண் என்று போனைக் கவிழ்த்து வைத்த பெண், இப்போது அம்மாவின் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் போனோடு பார்த்தால், இன்று தான் தூக்கிய கன்டெய்னர் ஒன்றும் பெரிய பாரம் இல்லை என்று அம்மாவுக்குத் தோன்றியது.

வேறொரு குரல் வந்தது. கனமான, அவசரப்படாத குரல். சின்னவள் அண்ணனின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டாள்.

"சொல்லுங்க," என்றாள். "என்னோடது வேற யார் யாருகிட்ட போயிருக்கு? திங்கட்கிழமை நான் சேரப் போற பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கா? ஒவ்வொண்ணா சொல்லுங்க, எழுதிக்கறேன்."